இலை மஞ்சளித்தால் வேரைப் பார்: புதிதாக நட்ட மிளகுக் கொடிக்கு ஒரு பாடம்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, ஓர் அன்பர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஜூன் மாதம் பலா மரத்தடியில் நட்ட மிளகுக் கொடி. நாலைந்து இலைகள் மஞ்சள். "என்ன உரம் போடலாம், சொல்லுங்கள்" என்று கேட்டார். அருகில் நின்ற நால்வர் நான்கு விதமாகப் பதில் சொன்னார்கள். ஒருவர் யூரியா என்றார், ஒருவர் சுண்ணாம்பு என்றார், ஒருவர் மருந்து அடி என்றார், நான்காமவர் "பிடுங்கிப் போட்டு வேறு நடு" என்றார். நான் மட்டும் பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் தேடி ஒரு முறை நானும், என் பதிலை நம்பி மறுமுறை என் அக்காவும் இழந்தது கொஞ்சமல்ல. அந்த இரண்டு கதைகளையும், அவற்றிலிருந்து நான் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

மிளகு நமக்குப் புதியதன்று. சங்க இலக்கியத்தில் அதற்குக் 'கறி' என்றே பெயர். முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனக் கலங்கள் மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் சொல்கிறது. இன்றும் கம்பம், போடி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பலருக்கு ஏலமும் மிளகும்தான் பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம் எல்லாம். ஒரு கொடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். முழு விளைச்சலுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஆகவே முதலாண்டில் ஒரு கொடி செத்தால், போவது நாற்றின் விலை மட்டுமல்ல. குடும்பத்தின் மூன்றாண்டுக் கணக்கே தள்ளிப் போகிறது.

என் தோட்டத்தில் நடந்தது

நான் இருப்பது இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டம். 2018 ஜூன் மாதம், வீட்டைச் சுற்றியுள்ள 40 சென்ட் நிலத்தில் சில்வர் ஓக், பலா மரங்களின் அடியில் 60 மிளகுக் கொடிகளை நட்டேன். கரிமுண்டா பாதி, பன்னியூர் 1 பாதி. குழி வெட்டி, தொழுவுரம் போட்டு, நட்ட பின் தண்ணீர் நிற்கட்டும் என்று ஒவ்வொரு கொடியைச் சுற்றியும் அழகாகப் பாத்தி கட்டினேன். எங்கள் ஊரில் தக்காளிக்கும் கத்தரிக்கும் அப்படித்தான் கட்டுவோம். அங்கே மழை குறைவு, தண்ணீரைப் பிடித்து வைப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தை அப்படியே மலைக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கேரளம் முழுவதும் வெள்ளம், இடுக்கி மலைகளில் மண்சரிவு. என் பாத்திகள் நாள் கணக்கில் குட்டையாக நின்றன. செப்டம்பர் கடைசியில் வெயில் வந்ததும் கொடிகளின் அடி இலைகள் மஞ்சளித்தன. "மழையில் சத்தெல்லாம் கரைந்து போய்விட்டது, யூரியா வையுங்கள்" என்று உரக்கடையில் சொன்னார்கள். கேட்க நியாயமாகவே இருந்தது. கொடிக்கு ஒரு கைப்பிடி வீதம் தண்டை ஒட்டி வைத்தேன். பத்து நாளில் மஞ்சள் மேலேறியது. டிசம்பர் மாதம் எண்ணிப் பார்த்தபோது 60-இல் 19 கொடிகள்தான் உயிரோடு இருந்தன.

மழைதான் காரணம் என்று மனத்தைத் தேற்றிக் கொண்டேன். ஆனால் வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டத்து அப்பச்சனின் கொடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. அதே மழை, அதே மலை, அதே மாதம் நட்டவை. பாலாப் பக்கத்திலிருந்து சிறு வயதில் மலைக்கு வந்தவர் அவர். நம்மைப் போல் அவரும் பிழைக்க வந்தவர்தான். ஒரு நாள் அவரிடமே போய்க் கேட்டேன். வந்து பார்த்தார். இலையைத் தொடவே இல்லை. குனிந்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணை விரலால் கிளறி, ஒரு வேரை எடுத்து இரு விரலால் உருவினார். தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் போல் ஒரு நரம்பு மட்டும் மிச்சம்.

"தம்பி, இதுக்கு வாயே இல்லை. நீ யாருக்குச் சோறு வெச்சே?" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில்.

அன்றிலிருந்து இன்றுவரை மஞ்சள் இலையைக் கண்டால் முதலில் வேரைத்தான் பார்க்கிறேன்.

வேரும் மூச்சு விடும்

வேர் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் உள்ளது என்று நாம் எண்ணுகிறோம். வேருக்கு மூச்சும் வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்துதான் அது மூச்சு விடுகிறது. குழியில் தண்ணீர் தேங்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். மிளகின் சத்துறிஞ்சும் வேர்கள் மெல்லியவை. பெரும்பாலும் மண்ணின் மேற்பகுதியிலேயே பரவியிருப்பவை. நாலைந்து நாள் தண்ணீரில் மூழ்கினால் அவை அழுகத் தொடங்கும். வேர் அழுகினால் மண்ணில் சத்து நிறைந்திருந்தாலும் கொடி பட்டினிதான். அந்த நிலையில் யூரியா போட்டால், அதன் உப்புத்தன்மை மிச்சமிருக்கும் வேரையும் சுட்டுவிடும்.

அளவையும் அறிந்து கொள்வோம். வளர்ந்த ஒரு மிளகுக் கொடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 50 கிராம், மணிச்சத்து 50 கிராம், சாம்பல்சத்து 150 கிராம் என்பது கேரளத்தில் பொதுவான பரிந்துரை. முதலாண்டில் இதில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் ஆண்டிலிருந்து முழு அளவு. அதாவது முதலாண்டுக் கொடிக்கு வருடம் முழுவதற்கும் சேர்த்தே யூரியா ஏறத்தாழ 35 கிராம்தான். அதையும் மே-ஜூனில் பாதி, ஆகஸ்ட்-செப்டம்பரில் பாதி என்று பிரித்து, தண்டிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி வட்டமாக இட வேண்டும். நான் ஒரே கைப்பிடியில் ஒரு வருடத்து அளவுக்கும் மேலாக, தண்டை ஒட்டியே கொட்டியிருந்தேன்.

இனிப் பாடத்துக்கு வருவோம். மஞ்சள் இலையைக் கண்டதும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எந்த இலை மஞ்சளிக்கிறது?

கொடியின் அடியிலுள்ள முதிர்ந்த இலையா, நுனியிலுள்ள இளந்தளிரா என்று பாருங்கள். சில சத்துகளைக் கொடி தன் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். வீட்டில் சோறு குறைந்தால் தாய் தன் பங்கைப் பிள்ளைக்கு வைப்பது போல. தழைச்சத்து, மக்னீசியம், சாம்பல்சத்து ஆகியவை இந்த வகை. அவை குறைந்தால் மஞ்சள் அடி இலையில் தோன்றும். இரும்பு, துத்தநாகம் போன்றவை அப்படி எளிதில் இடம் மாறா. அவை குறைந்தால் தளிரே வெளுக்கும்.

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு. மழையில் ஊறிய மலை மண்ணில் இது மிகச் சாதாரணம். அடி இலையின் நுனியும் ஓரமும் காய்ந்து கருகினால் சாம்பல்சத்துக் குறைவு. தளிர் இலை மெல்லிய பச்சை நரம்புகளோடு வெளிறி, முற்றினால் வெண்மையாகவே ஆனால் இரும்புக் குறைவு. தளிர் இலை சிறுத்து, குறுகி, இடையிடையே மஞ்சளித்தால் துத்தநாகக் குறைவு.

இலை சிறுத்து, சுருங்கி, கணுவிடைகள் குட்டையாகி, மஞ்சள் திட்டுகளும் இருந்தால் அது சத்துக்குறைவு அன்று. குட்டை நோய் என்னும் நச்சுயிரி நோய் அது. அதற்கு மருந்து கிடையாது. கொடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். நோயுள்ள தாய்க்கொடியிலிருந்து எடுத்த நாற்றின் வழியாகவே அது பெரும்பாலும் வருகிறது. மாவுப்பூச்சியும் அசுவினியும் பரப்பும். "சும்மா கிடைக்கிறதே" என்று யாரிடமிருந்தும் தண்டு வாங்கி வராதீர்கள். தாய்க்கொடியைக் கண்ணால் பார்த்த பின்பே வாங்குங்கள்.

இரண்டாம் கேள்வி: வேர் எப்படி இருக்கிறது?

தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரலாலோ மரக்குச்சியாலோ மெல்லக் கிளறி இரண்டு மூன்று மெல்லிய வேர்களை எடுத்துப் பாருங்கள். மண்வெட்டி வேண்டாம். அது நல்ல வேரையும் அறுத்துவிடும்.

வேர் நுனி வெள்ளையாக, உறுதியாக இருந்தால் நல்லது. அப்போதுதான் சத்துக் குறைவைப் பற்றிப் பேச வேண்டும். வேர் பழுப்பேறி, உருவினால் தோல் கழன்றால் அழுகல். அதற்கு உரம் எதிரி. பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்து, மண்ணை அணைத்துக் கொடியடியை மேடாக்குங்கள்.

வேரில் சிறு சிறு முடிச்சுகள் கொத்தாக இருந்தால் நூற்புழு. மெதுவாக வாடும் நோய்க்கு இதுவே முக்கியக் காரணம். இந்த வகையில் மழை ஓய்ந்து அக்டோபரில் மண் ஈரம் குறையும்போது இலை மஞ்சளித்து உதிரும். அடுத்த மழையில் மீண்டும் துளிர்த்து நம்மை ஏமாற்றும். ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, பிறகு ஒரேயடியாகப் போய்விடும். எங்கள் தந்தையர் காலத்தில் இதற்குப் போரேட் என்னும் குருணை மருந்தை வைப்பார்கள். பழைய நோட்டுப் புத்தகங்களிலும் அதுவே எழுதியிருக்கும். கேரளத்தில் 2011-லேயே அது தடை செய்யப்பட்டது. இந்தியா முழுவதும் 2020 டிசம்பர் 31 முதல் தடை. யாராவது பழைய பொட்டலத்தைக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுத் தோட்டத்தில் அது விஷம். வேப்பம் பிண்ணாக்கும், தொழுவுரத்தில் வளர்த்த டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிரிகளும் பாதுகாப்பானவை.

மஞ்சளிக்கக்கூட நேரமில்லாமல் இலைகள் கறுத்து, பச்சையாகவே உதிர்ந்து, தண்டின் அடி மண்ணோடு சேருமிடத்தில் கறுத்து நைந்திருந்தால் அது திடீர் வாடல். கிருஷி பவன் பலகைகளில் 'துருதவாட்டம்' என்று எழுதியிருப்பார்கள். பைட்டாப்தோரா என்னும் பூசணம் மழைக்காலத்தில் செய்யும் வேலை இது. இலையில் ஓரம் சிலும்பிய கரும்புள்ளிகள் முதல் அடையாளம். பிடித்த கொடியைக் காப்பது கடினம். அதை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, பக்கத்துக் கொடிகளைக் காக்க வேண்டும். அதற்குத்தான் போர்டோக் கலவை.

மூன்றாம் கேள்வி: இந்த மண் எப்படிப்பட்டது?

இந்தக் கேள்வியை நான் கற்றது என் அக்காவின் செலவில்.

2019 ஏப்ரலில் நான் மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தேன். எங்கள் மலை மண் நல்ல புளிப்பு என்று வந்தது. ஆண்டாண்டாகப் பெய்யும் மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக் கொண்டு போய்விடுவதால் மலைமண் இப்படி ஆகிறது. மே மாதம் புதுமழை ஈரத்தில் டோலமைட் இட்டேன். அதில் சுண்ணாம்பும் உண்டு, மக்னீசியமும் உண்டு. ஜூனில் புதுக் கொடிகளை மேடாக நட்டேன். பிழைத்த 19 கொடிகளும் புதியவையும் கரும்பச்சையாகக் கிளம்பின. எனக்கோ தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பின் பெருமையைச் சொன்னேன்.

என் அக்காவை மணம் செய்து கொடுத்தது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து அதிக தூரமில்லை. தெருவெல்லாம் தமிழ் பேசும் ஊர். என் தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அக்காவும் அதே 2019 ஜூனில் 25 மிளகு நாற்றுகளைத் தென்னை மரத்தடியில் நட்டாள். நவம்பரில் போன் வந்தது.

"தம்பி, எங் கொடியும் மஞ்சளாகுதுடா. என்ன பண்ண?"

நேரில் பார்க்கவில்லை. வேரைப் பார்க்கச் சொல்லவில்லை. மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சுண்ணாம்பு போடுக்கா, எல்லாம் சரியாப் போகும்" என்றேன். அக்கா நான் சொன்னதை அப்படியே செய்தாள். கொடிக்கு அரைக் கிலோ. ஜனவரியில் அனுப்பிய படத்தில் தளிரெல்லாம் காகிதம் போல் வெளுத்திருந்தது. "நீ சொன்ன மாதிரிதான போட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரி இன்னும் என் மனத்தில் நிற்கிறது.

2020 பிப்ரவரியில் நேரில் போனேன். இறங்கியதுமே புரிந்துவிட்டது. மண் கறுப்பு. விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கேரளம் என்றாலே செம்மண்ணும் மழையும் என்று நாம் எண்ணுகிறோம். சித்தூர் வட்டத்தின் கிழக்கே கரிசல் மண் உண்டு. அந்த மண்ணில் சுண்ணாம்பு இயற்கையாகவே இருக்கிறது. அக்கா சமையலறையிலிருந்து வினிகர் கொண்டுவந்தாள். ஒரு பிடி காய்ந்த மண்ணில் சில சொட்டு விட்டோம். நுரை பொங்கியது. சுண்ணாம்பு மிகுந்த மண் அப்படித்தான் நுரைக்கும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அந்த மண்ணில்தான் நான் மேலும் அரைக் கிலோ சுண்ணாம்பு போடச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் நவம்பரில் வந்த முதல் மஞ்சளுக்குக் காரணம் என்ன? காற்றும் வறட்சியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான வாசல். மழை முடிந்ததும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அந்த வாசல் வழியாக விடாமல் வீசும். மண் காய்ந்து வெடிக்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்து போகும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். இளங்கொடிக்கு அங்கே வேண்டியிருந்தவை நிழலும் மூடாக்கும் சொட்டுத் தண்ணீரும். என் தோட்டத்தில் தண்ணீர் மிகுந்து மஞ்சளித்தது, அக்கா தோட்டத்தில் தண்ணீர் குறைந்து மஞ்சளித்தது. கைப்பேசிப் படத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

சுண்ணாம்பை நிறுத்தினோம். மேலே தெரிந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுத்தோம். மக்கிய தொழுவுரத்தைக் கொட்டித் தென்னை மட்டையும் சருகும் பரப்பினோம். அன்னபேதியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலை வேளையில் இலையில் தெளித்தோம். 15 நாள் கழித்து மறுமுறை. தென்னை ஓலையைக் கீறி மேற்குப் பக்கம் தட்டி வைத்தோம். மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பிறகு மாதக் கணக்கில் நான் போக முடியவில்லை. அக்கா ஒருத்தியாகவே பழைய மண்பானைகளில் ஓட்டை போட்டுத் திரி வைத்து, கொடிக்கு ஒரு பானை என்று தண்ணீர் விட்டாள். 25-இல் 14 தப்பின. என் யோசனையால் போனவை எத்தனை, வெயிலால் போனவை எத்தனை என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் மண் மாறும் என்பதை நினைவிற் கொள்க. பாலக்காட்டிலேயே நெல்லியாம்பதி மலை குளிர்ந்து நனைந்தது. அட்டப்பாடியில் மேற்குப் பக்கம் மழை, கிழக்குப் பக்கம் வறட்சி. இடுக்கியிலும் பீருமேடு நனைய, மறையூர் காய்ந்திருக்கும். பக்கத்து ஊர்க்காரர் சொன்ன மருந்து நம் ஊருக்குப் பொருந்தும் என்பது நிச்சயமில்லை. 1987 முதல் கேரளத்தில் பஞ்சாயத்து தோறும் கிருஷி பவன் இருக்கிறது. ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டுக் கொண்டு போய்க் கேட்பதில் வெட்கம் வேண்டாம். மலையாளம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்குவோரும் உண்டு. பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.

நடும்போதே செய்ய வேண்டியவை

தாங்குமரத்தின் வடக்குப் பக்கம், மரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, ஒன்றரை அடிக்குக் குறையாத நீள அகல ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணோடு 5 கிலோ மக்கிய தொழுவுரம், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு, 150 கிராம் ராக் பாஸ்பேட், 50 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து நிரப்புங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வேர்விட்ட இரண்டு மூன்று நாற்றுகளை நட்டு, மண்ணை நன்றாக அணைத்து, குழி இருந்த இடம் சுற்றுப்புறத்தை விட மேடாக இருக்கும்படி செய்யுங்கள். மழை மிகுந்த மலையில் இது கட்டாயம். தென்மேற்கு நோக்கிய சரிவில் பிற்பகல் வெயில் கொடியைச் சுடும். கூடுமானால் அந்தச் சரிவைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் கோடையில் இளங்கொடிக்குத் தழைகளால் நிழல் கட்டுங்கள். சருகு மூடாக்குப் போடும்போது தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஈரச் சருகு தண்டோடு ஒட்டினால் அங்கேயே அழுகல் தொடங்கும். தாங்குமரத்தையும் கவனியுங்கள். முன்பு எல்லோரும் முள்முருங்கையைத்தான் நட்டார்கள். 2005-ஐ ஒட்டி ஒரு சிறு குளவிப் பூச்சி வந்து அந்த மரங்களின் இலைகளில் முடிச்சுப் போட்டுப் பெருமளவில் அழித்தது. தாங்குமரம் சாய்ந்தால் கொடியும் சாயும். ஒரே வகை மரத்தை நம்பாமல் இரண்டு மூன்று வகை வைத்துக் கொள்வது நல்லது.

போர்டோக் கலவை: வீட்டளவில் செய்முறை

பத்துப் பதினைந்து கொடி உள்ளவர்கள் 10 லிட்டர் செய்தால் போதும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மயில்துத்தத்தைக் கரையுங்கள். இன்னொரு வாளியில் 100 கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பை நீர்த்து 5 லிட்டராக்கி வடிகட்டுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேருங்கள். செய்த அன்றே பயன்படுத்த வேண்டும். மழை தொடங்கும் முன் ஒரு முறை, மழை இடைவெளியில் ஒரு முறை இலையும் தண்டும் நனையத் தெளியுங்கள்.

இதில் ஒரு முக்கிய எச்சரிக்கை. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணமே. நன்மை செய்யும் பூசணம். அதை இட்ட மண்ணில் உடனே செம்பு மருந்தை ஊற்றினால், காசு கொடுத்து வாங்கி வைத்ததை நாமே கொன்றதாகும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள்.

நகரத்தில் இருப்போருக்கு

நம் வாசகர்களில் பலர் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் மாடி வீடுகளில் இருக்கிறீர்கள். மொட்டை மாடித் தொட்டியில் புதர் மிளகோ, வாசலில் ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலைக் கொடியோ வைத்திருப்பீர்கள். வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பம். மேற்சொன்ன மூன்று கேள்விகளும் அதற்கும் பொருந்தும். தொட்டியில் மஞ்சளிப்பதற்கு அடிக்கடி நாம் காணும் காரணம் அன்பு மிகுதியாகி நாள்தோறும் இருமுறை தண்ணீர் ஊற்றுவது. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். தொட்டியடித் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் மெல்லும் வெற்றிலையில் செம்பு மருந்தைத் தெளிக்காதீர்கள்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. மஞ்சள் அடி இலையிலா, தளிரிலா என்று முதலில் பாருங்கள்.
2. வேரைக் கிளறிப் பாராமல் உரப்பையைத் திறக்காதீர்கள்.
3. மண்ணைச் சோதிக்காமல் சுண்ணாம்பு இடாதீர்கள்.
4. மலையில் மேடாக நடுங்கள். வறண்ட நிலத்தில் மூடாக்கும் நிழலும் கொடுங்கள்.
5. இலை மட்டும் தெரியும் படத்தை வைத்து யாருக்கும் மருந்து சொல்லாதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள்.

சங்கக் கூட்டத்தில் படம் காட்டிய அன்பரிடம் அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டுக்குப் போய் ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். பிறகு எனக்குப் போன் செய்யுங்கள்." மறுநாள் காலை போன் வந்தது. வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தது. மஞ்சளித்தவை நாற்றுப் பையிலிருந்தே வந்த பழைய இலைகள். புதிய இலைகள் பச்சையாகவே வந்து கொண்டிருந்தன. செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா விட்டுவிடச் சொன்னேன்.

சென்ற தைப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் முக்கால்வாசி மிளகு நிரப்பிக் கையில் கொடுத்தாள். அவளது 14 கொடிகளில் விளைந்தது. எங்கள் வீட்டு ரசத்துக்கு இப்போது அந்த மிளகுதான். இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் அனுபவங்களை இதழுக்கு எழுதுங்கள். எழுதும்போது உங்கள் மண் கறுப்பா சிவப்பா, மழை எவ்வளவு, கொடியை எந்த மரத்தில் ஏற்றினீர்கள் என்பதையும் மறவாமல் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் அது இன்னொருவர் தோட்டத்துக்கு உதவும்.